அக்டோபர் 16 உலக உணவு தினம்: போஸ்டர் ஒட்டாம உருப்படியா என்ன பண்ணலாம்? மெஸ் அக்கா கேட்ட கேள்விக்கு பதில் தெரியல

திருச்சி_ஹாஸ்டல்பையன்

எல்லாருக்கும் வணக்கம். நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், திருச்சி பக்கம் ஒரு காலேஜ், ஹாஸ்டல்ல இருக்கேன். என்எஸ்எஸ் வாலன்டியர். அக்டோபர் 16 உலக உணவு தினம் வருதுல்ல, 1945ல ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு ஆரம்பிச்ச நாள், அதுக்கு ஏதாவது பண்ணணும்னு சார் சொல்லிட்டாரு, இந்த வருஷம் பொறுப்பு என்கிட்ட.

போன வருஷம் போஸ்டர் போட்டி, ஒரு பேரணி, கடைசில எல்லாரும் கைய நீட்டி உறுதிமொழி. நானும் ஒரு போஸ்டர் வரைஞ்சேன். ஒரு பக்கம் எலும்பும் தோலுமா ஒரு ஆப்பிரிக்க குழந்தை, இன்னொரு பக்கம் தட்டுல இருந்து கொட்டுற சோறு, கீழ "நீ கொட்டும் ஒவ்வொரு பருக்கையும் இவன் உணவு"ன்னு எழுதினேன். ரெண்டாவது பரிசு குடுத்து அத மெஸ் வாசல்லயே ஒட்டினாங்க. அன்னிக்கு மத்தியானமும் கைகழுவுற எடத்துல இருக்குற ரெண்டு நீல டிரம்மும் எப்பவும் போல ரொம்பிடுச்சு. தட்டு கழுவுற அக்கா ஒருத்தங்க அந்த போஸ்டர கொஞ்ச நேரம் பாத்துட்டு என்ட்ட கேட்டாங்க, "ஏன் தம்பி, நீங்க இத கொட்டாம தின்னுட்டா அந்த புள்ளைக்கு எப்படி போய் சேரும்?"

கிண்டலா கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. எனக்கு பதில் வரல, ஒரு வருஷமா அது உள்ள ஓடிட்டே இருக்கு.

ஹாஸ்டல்ல 600 பேர், கையில 5,000 ரூபா, ரெண்டு வாரம் இருக்கு. என்ன பண்ணலாம்? அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்றது?

---

சமையல்கட்டு_கோவை

தம்பி, முதல்ல ஒரு தராசு வாங்குங்க. மூட்டைய கொக்கில மாட்டி நிறுக்குற டிஜிட்டல் தராசு, அதிக விலை இல்ல, 5,000ல முக்காவாசி மிச்சமாகும்.

நான் 20 வருஷமா ஹாஸ்டல், கம்பெனி கேன்டீன்னு மெஸ் எடுத்து நடத்துறேன். வீணாகுற சாப்பாடுன்னா எல்லாரும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க, அது ரெண்டு. ஒண்ணு தட்டுல மிச்சம் வச்சு கொட்டுறது, இன்னொண்ணு ஆக்கி பாத்திரத்துலயே நின்னு போறது. ரெண்டையும் தனித்தனி டிரம்முல போட்டு ஒரு வாரம் மூணு வேளையும் நிறுத்து எழுதுங்க. பசங்களுக்கு அறிவுரை எதுவும் சொல்லாதீங்க, அந்த எடைய மட்டும் வாசல்ல ஒரு போர்டுல எழுதி வைங்க.

எழுதினப்புறம் காரணத்த தேடுங்க, ஏன்னா பையன் திமிருல கொட்டுறான்னு நினைச்சா தப்பு. நான் பாத்த வரைக்கும் பெரிய காரணம் வரிசைதான். ரெண்டாவது தடவ சோறு வாங்க திரும்ப 15 நிமிஷம் நிக்கணும்னா எந்த பையனும் மொத தடவையே தட்டு நிறைய வாங்கிட்டுதான் போவான். சாதத்துக்கும் குழம்புக்கும் மறுசோறு போட தனியா ஒரு ஆள நிக்க வச்சீங்கன்னா பாதி பிரச்சனை அங்கயே போயிடும். அடுத்தது கரண்டி சைஸ், பெரிய கரண்டில ஒரு போடு போட்டா அவன் வேணாம்னு சொல்றதுக்குள்ள தட்டுல விழுந்துடுது. பாத்திரத்துல நிக்கிறதுக்கு காரணம் வேற, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எத்தன பேரு ஊருக்கு கெளம்புறாங்கன்னு மெஸ்சுக்கு யாரும் சொல்றதில்ல, நாங்க 600க்கு உலை வச்சிட்டு உக்காந்திருப்போம். வியாழக்கிழமை ராத்திரி ஒரு பேப்பர் மாட்டி டிக் போட சொல்லுங்க, போதும்.

கைபடாம மிச்சமாகுறத வெளில குடுக்கணும்னா கவனம் வேணும். சூடா வச்சிருக்காத சாப்பாட்ட ரெண்டு மணி நேரத்துக்கு மேல விட்டு குடுக்கவே குடுக்காதீங்க, தேங்கா சட்னி, தேங்கா அரைச்ச குழம்பு சீக்கிரம் கெடும், அதெல்லாம் வேண்டவே வேண்டாம். பசிக்கிறவங்கன்னா எதையும் குடுக்கலாம்னு ஒரு நெனப்பு நம்மள்ல பல பேருக்கு இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப கோவம் வரும். மிச்ச உணவ எடுத்து எப்படி குடுக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் இந்திய உணவு பாதுகாப்பு ஆணையம், 2019லயே விதி போட்டிருக்கு. எங்க ஊர்ல 2014ல ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி அமைப்புங்க இத ஒழுங்கா செய்றாங்க, கல்யாண மண்டபத்துல இருந்து எடுத்து ருசி பாத்து மணம் பாத்துதான் கொண்டு போவாங்க.

ஒரு கணக்கு வேணும்னா போர்டுல போடுங்க. 2022ல உலகம் முழுக்க வீடு, ஓட்டல், கடை எல்லாம் சேத்து வீணாக்குனது 105 கோடி டன், கையில வந்த சாப்பாட்டுல அஞ்சுல ஒரு பங்கு கிட்ட. அதுல 60 சதவீதம் வீடுகள்ல. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல சொன்ன கணக்கு.

---

டல்லாஸ்_தஞ்சாவூரான்

மேல அண்ணன் சொன்னது சரி, ஆனா அந்த அக்கா கேள்விக்கு அது பதில் இல்ல. நான் முயற்சி பண்றேன்.

நேரா சொன்னா, நீங்க கொட்டாம விட்ட சோறு அந்த குழந்தைக்கு போகாது. அக்கா சொன்னது சரிதான். உலகத்துல எல்லாருக்கும் போதுமான அளவு விளையுது, அப்பவும் 2024ல 67 கோடி பேருக்கு மேல பசில இருந்தாங்க, நூத்துல எட்டு பேரு. சத்தான சாப்பாடு வாங்க காசு பத்தாதவங்க 260 கோடி. அப்ப பிரச்சனை சோறு இல்லாததுல மட்டும் இல்ல, அத வாங்க முடியாததுல, இல்லன்னா வர விடாம தடுக்குறதுல. 2024 ஆகஸ்ட்ல சூடான்ல சண்டையால இடம்பெயர்ந்தவங்க இருக்குற ஜம்ஜம் முகாம்ல பஞ்சம்னு உறுதி பண்ணாங்க, 2025 ஆகஸ்ட்ல காசால. ரெண்டு எடத்துலயும் மழை பொய்க்கல, பூச்சி விழல. சண்டை.

இதுல நம்ம பங்கும் இருக்கு, அத நான் கண்ணால பாத்தேன். 2023 ஜூலை 20 இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிய நிறுத்துச்சு. அந்த வாரமே இங்க இந்தியன் ஸ்டோர்ல எல்லாம் கூட்டம், சோனா மசூரி, பொன்னி எல்லாம் காலி, ஆளாளுக்கு வண்டில ஏத்திட்டு போறாங்க, நானும் 20 பவுண்டு மூட்டை நாலு வாங்கி கராஜ்ல அடுக்கினேன், வீட்ல ரெண்டே பேருதான். ஆபீஸ்ல என்கூட வேல பாக்குறவர் ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டுக்காரர், ஊரு டக்கார். அவங்க ஊர்ல தினமும் அரிசிதான், அதுவும் குருணை அரிசி, அதுல பெரும்பங்கு இந்தியாவுல இருந்து போறது. குருணை ஏற்றுமதிய 2022 செப்டம்பர்லயே நிறுத்தியாச்சு. "எங்க அம்மா டக்கார்ல மூட்டையா வாங்குறத நிறுத்திட்டு கிலோ கணக்குல வாங்குறாங்க"ன்னு அவர் சாதாரணமாத்தான் சொன்னாரு, எனக்கு அந்த நாலு மூட்டை ஞாபகம் வந்துச்சு. உலக சந்தைல விக்கிற அரிசில பத்துல நாலு பங்கு இந்தியாவோடது. வெள்ளை அரிசிய நிறுத்துன அடுத்த மாசமே உலக அரிசி விலை 15 வருஷத்துல இல்லாத உச்சத்துக்கு போச்சு. அந்த வெள்ளை அரிசி தடைய எடுத்தது 2024 செப்டம்பர் கடைசில. உள்ளூர்ல விலை ஏறக்கூடாதுன்னு அரசு எடுத்த முடிவு, அதுல ஒரு நியாயமும் இருக்கு, ஆனா நம்ம ஊர் நெல்லும் டக்கார் அடுப்பும் ஒரே கயித்துல கட்டியிருக்குன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

இன்னொண்ணு. தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, அந்த படத்த இந்த வருஷம் போடாதீங்க. அந்த குழந்தைக்கு பேரு இல்ல, ஊரு இல்ல, எதனால பட்டினின்னு காரணமும் இல்ல. 1876ல இருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சத்துல நம்ம ஜனங்களத்தான் இப்படி உக்கார வச்சு ஹூப்பர்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி வரிசையா போட்டோ எடுத்தாரு, இன்னிக்கும் நெட்ல கிடைக்கும். விலா எலும்பு மட்டும் தெரியும். அதே வருஷங்கள்ல இந்தியாவுல இருந்து தானியம் கப்பல்ல இங்கிலாந்து போய்ட்டுதான் இருந்துச்சு, அது அந்த போட்டோல தெரியாது. நாம அந்த போட்டோல இருந்தவங்க பேரப்புள்ளைங்க.

---

திருச்சி_ஹாஸ்டல்பையன்

அண்ணா தப்பா எடுத்துக்கல. தாது வருஷ போட்டோ இப்பதான் தேடி பாத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் பண்ண முடியல. அந்த போஸ்டர எடுத்துடுறேன்.

---

வன்னிக்_கமக்காரன்

வணக்கம் தம்பி. நான் இலங்கையில கிளிநொச்சி, இரணைமடுக் குளத்துத் தண்ணியில நெல் செய்யிறன். நீங்கள் விழிப்புணர்வு செய்யேக்க கட்டாயம் "இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம்" எண்டும் ஒரு பதாகை பிடிப்பீங்கள். பிடியுங்கோ, அது பிழையில்ல. ஆனா எங்கட கதையையும் ஒருக்கால் கேளுங்கோ.

2021 மே மாசம் இரசாயன உரமும் பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினியும் இறக்குமதி செய்யிறத ஒரே வர்த்தமானியில, அரசாங்க அறிவித்தலில, நிப்பாட்டினவை. நாடு முழுக்க, எல்லாப் பயிருக்கும், ஒரே நாளில. காலபோகம், அதான் மாரி மழைக்குச் செய்யிற போகம், விதைக்கிற நேரம் சேதனப் பசளை, இயற்கை உரம், தாறம் எண்டவை, வந்தது காணாது, வந்ததும் பிந்தித்தான் வந்தது. ஒரு ஏக்கருக்குப் போடுற அளவு எரு எங்க கிடக்கு? மாடு வளக்கிறவையே குறைஞ்சு போச்சினம். பயிர் ஒரு மாசத்திலயே மஞ்சளடிச்சு நிண்டது. நவம்பரில தடைய எடுத்தவை, அதுக்குள்ள விதைச்சு முடிஞ்சுது, பிறகு யூரியா கறுப்புச் சந்தையில தான், எங்களால கிட்டவும் போகேலாது. அந்த முறை எனக்கு வழமையில பாதிதான் கண்டது. நெல் விளைவிக்கிற நான் 2022 ஆவணியில கடையில அரிசி வாங்கினன், என்ர வயசுக்கு அது முதல் தரம். சண்டைக் காலத்தில கூட விதைநெல்ல ஒளிச்சு வச்சுச் சாப்பிட்டனாங்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில கொழும்பில சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருஷத்துக்கு முந்தி இருந்ததிலும் பாக்க 94 வீதத்துக்கு மேல ஏறி நிண்டது. டொலர் இல்ல, எரிபொருள் இல்ல, உரம் மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா வயலில விளைஞ்சிருந்தா கொஞ்சமாவது தாங்கியிருக்கும்.

2022 மே 18 சென்னைத் துறைமுகத்தில இருந்து தமிழ்நாடு அனுப்பின முதல் கப்பல் வெளிக்கிட்டது, 9,000 தொன் அரிசி, பால்மா, மருந்து எல்லாம் அதில. மொத்தமா 40,000 தொன் அரிசி எண்டு சொன்னவை. எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு அம்மாவுக்கு 10 கிலோ கிடைச்சது, அவ அதில ஒரு சுண்டு, ஒரு சின்னப் பேணி அளவு, எங்களுக்கும் கொண்டு வந்து தந்தவ. உங்கட மெஸ் அக்கா கேட்டாவே, அந்தப் பிள்ளைக்கு எப்பிடிப் போய்ச் சேரும் எண்டு. இப்பிடியும் போய்ச் சேரும் எண்டு சொல்லுங்கோ.

இப்ப நான் ரெண்டு ஏக்கரில மட்டும் எருவும் பசுந்தாளும் போட்டு செய்து பாக்கிறன், மிச்சத்தில உரத்தக் குறைச்சுக்கொண்டு வாறன். அஞ்சு வருஷம் எடுக்கும் எண்டு நினைக்கிறன். மண் ஆறுதலாத்தான் மாறும்.

---

செம்மேடு_அக்கா

வன்னி அண்ணன் எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். எங்க கதை இதுக்கு மறுபக்கம்.

நான் கொல்லிமலை. எங்க தாத்தா காலத்துல மேல எல்லாமே சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுதான். மழை கம்மியானாலும் வரும், உரம் கேக்காது, சாமைய குதிருல போட்டு வச்சா வருஷக்கணக்குல பூச்சி வராது. அப்புறம் கீழ சேகோ மில்லுக்கு மரவள்ளி வேணும்னு வந்தாங்க, கைல காசு கிடைச்சுது, காட்டுல பாதிக்கு மேல மரவள்ளி ஆயிடுச்சு, சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி. ஜனங்க பழச மறந்துட்டாங்கன்னு டவுன்ல இருந்து வர்றவங்க ரொம்ப சுலபமா சொல்லிடுவாங்க. மறக்கல தம்பி. சாமைய உமி நீக்கி அரிசியாக்குறது எவ்ளோ கஷ்டம்னு குத்துனவங்களுக்குத்தான் தெரியும். எங்க அம்மாவும் சித்தியும் விடியக்காத்தால உரல்ல மாத்தி மாத்தி குத்துவாங்க, உலக்க சத்தத்துலதான் நாங்க கண்ணு முழிப்போம், அப்புறம் அவங்க காட்டு வேலைக்கு போகணும். ரேஷன் அரிசி வந்தப்ப எங்க அம்மா கை காப்பு காய்க்கிறது நின்னுச்சு. அத தப்புன்னு நான் எப்படி சொல்வேன்?

அது திரும்ப வந்ததுக்கு காரணம் மெஷினுதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எங்க ஊருங்கள்ல உமி நீக்குற சின்ன மில்லு வச்சு மகளிர் குழு கையில குடுத்தாங்க, விதை மாத்திக்க ஏற்பாடு பண்ணாங்க, மாவு, ரவைன்னு பாக்கெட் போட்டு விக்க சொல்லி குடுத்தாங்க. அதனால 2023 சிறுதானிய ஆண்டுன்னு ஐநா சொன்னப்ப எங்களுக்கு அது புதுசா தெரியல. அதே வருஷம் நீலகிரி, தருமபுரில ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்கு பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்க, அது நல்ல வேல. மனசுக்கு ஒரு குறை என்னன்னா, டவுன் சூப்பர் மார்க்கெட்ல சாமை அரிசி விலை பாத்தா எங்க ஊர்ல அத விளையவச்சவங்களே வாங்க முடியாது.

அதனால சிறுதானிய லட்டு ஸ்டால் ஒரு நாள் போட்டு முடிச்சுடாதீங்க. மெஸ்ல பேசி வாரத்துல ஒரு காலைல சாமை பொங்கல், ஒரு ராத்திரி கேழ்வரகு தோசைன்னு ஒரு வருஷத்துக்கு போட வைங்க, 600 பேருக்கு வேணுங்குறத ஏதாவது ஒரு மகளிர் குழுகிட்ட நேரா வாங்குங்க. பொங்கலுக்கு ஒண்ணுக்கு மூணு தண்ணி, சாதமா வடிக்காம வைக்கணும்னா ஒண்ணுக்கு ரெண்டரை. அரை மணி ஊற வச்சா நல்லா மலரும்.

---

சமையல்கட்டு_கோவை

செம்மேடு அக்கா, 600 பேருக்கு ஒரு வேளை பொங்கலுக்கு பாசிப்பருப்போட சேத்து சாமை 40 கிலோ பக்கம் வேணும். மொத வாரம் பசங்க மூஞ்ச சுளிப்பாங்க, நெய்யும் மிளகும் குறைக்காம போட்டா மூணாவது வாரம் கேட்டு வாங்குவாங்க. என் கேன்டீன்ல அப்படித்தான் ஆச்சு.

---

அங்கன்வாடி_டீச்சர்

எல்லாரும் பெரிய விஷயமா பேசிட்டீங்க, நான் சின்னதா ஒண்ணு. பசின்னா வயிறு காயுறது மட்டும் இல்ல. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21ல எடுத்தது, நம்ம தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள நாலு குழந்தைல ஒரு குழந்தை வயசுக்கேத்த உயரம் இல்ல. 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரேஷன்ல எல்லாருக்கும் அரிசி கிடைக்கிற மாநிலம் இது, மூணு வேளையும் வயிறு நிறைய சோறு சாப்பிட்டுட்டே இது நடக்குது, ஏன்னா தட்டுல கீரை, பயறு, முட்டை இல்ல, இருந்தாலும் வீட்டுல கடைசியா சாப்பிடுறவங்களுக்கு வர்றது இல்ல.

தயவு செஞ்சு கூட்டமா எங்க சென்டருக்கு வந்து குழந்தைங்களோட போட்டோ எடுக்காதீங்க, ஒவ்வொரு வருஷமும் யாராவது பிஸ்கட் பாக்கெட்டோட வந்துடுறாங்க. அதுக்கு பதிலா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேசி உங்க ஹாஸ்டல்ல, முக்கியமா லேடீஸ் ஹாஸ்டல்ல, ஹீமோகுளோபின் டெஸ்ட் ஒரு நாள் வைங்க. கிளாசுக்கு லேட்டாகுதுன்னு காலைல டீ மட்டும் குடிச்சிட்டு ஓடுற பொண்ணுங்க எத்தன பேருக்கு 12க்கு கீழ, அதாவது ரத்தசோகை, இருக்குன்னு அவங்களே பாக்கட்டும்.

மெஸ்ல வேல பாக்குறவங்களுக்கும் எடுங்க. அந்த அக்கா என்ன சாப்பிடுறாங்கன்னு நீங்க கேட்டீங்களா தம்பி?

---

திருச்சி_ஹாஸ்டல்பையன்

டீச்சர், கேக்கல. நீங்க சொன்னப்புறம்தான் போய் கேட்டேன்.

காலைல நாலரைக்கு வீட்ல இருந்து கெளம்புறப்ப ஒரு டீ. அப்புறம் எங்க எல்லாரோட மத்தியான சாப்பாடும் முடிஞ்சு தட்டு எல்லாம் கழுவி வச்சிட்டு மூணு மணிக்கு மேலதான் சாப்பாடு, அண்டால என்ன மிச்சம் இருக்கோ அது, பொரியல் பெரும்பாலும் தீந்துடுமாம். பையன் பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்ல மூணாவது, அவனுக்கு இப்ப ஸ்கூல்லயே காலை சாப்பாடு போடுறாங்க, அதனால விடியக்காத்தால எழுந்து அவனுக்கு ஆக்கி வைக்கிற வேல இல்லன்னு சொல்றப்ப அவங்க முகத்துல அப்படி ஒரு நிம்மதி. வீட்ல ரேஷன் அரிசிதான், இருபது கிலோ, மாசக் கடைசில கொஞ்சம் வெளில வாங்குவாங்களாம். ரத்தம் கம்மின்னு போன வருஷமே டாக்டர் சொல்லி மாத்திரை குடுத்தாங்களாம், தீந்தப்புறம் போய் வாங்க லீவு கிடைக்கல.

அவங்ககிட்ட நீங்க எல்லாரும் எழுதினத நான் படிச்சு காட்டினேன், கப்பல் கதை, செனகல் அம்மா கதை, உலக்க கதை எல்லாம். செனகல் அம்மா கிலோ கணக்குல வாங்குறாங்கன்னதும் "நாமளும் அப்படித்தான் வாங்குறோம்"னாங்க.

மெஸ் கமிட்டில பேசிட்டோம். தட்டு கழுவுறவங்களும் பரிமாறுறவங்களும் பதினொன்றரைக்கு, எங்களுக்கு முன்னாடி சாப்பிடணும், பொரியல் முட்டையோட. வார்டன் திங்கட்கிழமைல இருந்துன்னு ஒத்துக்கிட்டாரு. ஹீமோகுளோபின் டெஸ்ட்டுக்கு லெட்டர் குடுத்தாச்சு. தராசு வந்துடுச்சு, மறுசோறுக்கு தனி ஆள் அடுத்த வாரம். நேத்து மத்தியானம் மொத தடவையா நிறுத்தோம், தட்டுல இருந்து கொட்டுனது மட்டும் 61 கிலோ. போர்டுல எழுதினது அக்காதான், நான் எழுதுறேன்னேன், குடு தம்பின்னு வாங்கி அவங்களே எழுதிட்டாங்க.

---

சமையல்கட்டு_கோவை

டிரம் எடைய கழிச்சீங்களா?

---

திருச்சி_ஹாஸ்டல்பையன்

கழிச்சாச்சுண்ணே. டிரம் நாலரை கிலோ. அதையும் அக்காதான் ஞாபகப்படுத்துனாங்க.